தொன்னை பொறுக்கும் ஆட்டம்

தலைமை ஆசிரியை காமேஸ்வரி மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, பெற்றோர் சங்கத் தலைவர் சின்னசாமி. சுவரோர பெஞ்சில் ஒன்பதாம் வகுப்பு கீர்த்தனா, மடியில் பள்ளிக்கூட லேப்டாப்போடு. கம்ப்யூட்டர் டீச்சர் வினோதினிக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டிவரும் என்று தோன்றியது.

கீர்த்தனா செய்த வீடியோ கேம் மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. அதை வாபஸ் வாங்கச் சொல்லி சின்னசாமி வந்திருந்தார்.

"வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்து ஒண்ணு போதும். கண்காட்சிக் குழுவுக்கு நீ ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது," என்றார் காமேஸ்வரி வினோதினியிடம்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலை கிரிவலப் பாதைல பந்தல் போட்டு ரெண்டாயிரம் பேருக்குப் பொங்கல் குடுக்கறேன்," என்றார் சின்னசாமி. "இந்தப் பொண்ணு என்னடான்னா, அன்னதானத்தால ஊரே நாறுதுன்னு கேம் போட்டு வெச்சிருக்குது. சாமி காரியத்துல விளையாட்டாம்மா?"

"ஆடிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள் வினோதினி.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"ஆடாமலே தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

காமேஸ்வரி கண்ணாலேயே அதட்டினார். ஆனால் சின்னசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொண்டாம்மா இங்க," என்று லேப்டாப்பை வாங்கினார்.

முதல் சுற்று சுலபம். மலையைச் சுற்றி நடக்க வேண்டும். பந்தலில் வாங்கிச் சாப்பிட்டால் தெம்பு ஏறும். சீக்கிரம் முடித்தால் மார்க் ஜாஸ்தி. சின்னசாமி பந்தல் பந்தலாகச் சாப்பிட்டார். தின்ற தொன்னையை அங்கங்கே ரோட்டில் விட்டுவிட்டு நடந்தார். "பதினாலு பந்தல்! எப்படி?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

திரையில் விடிந்தது. இப்போது அவர் துடைப்பம் பிடித்த ஒரு பெண். பதினாலு தொன்னைகளும் அவர் போட்ட இடத்திலேயே, மிதிபட்டுத் தாரோடு ஒட்டிக் கிடந்தன. குனிந்து நகத்தால் சுரண்ட வேண்டும். குனியக் குனிய நடை தளர்ந்தது. ஒன்பதாவது தொன்னையில் குப்பை லாரி வந்துவிட்டது. தோல்வி.

"டைம் பத்தலம்மா. கொஞ்சம் ஜாஸ்தி பண்ணி வெச்சா என்ன?"

"எங்கம்மாவுக்கு யாரும் ஜாஸ்தி பண்றதில்ல சார்," என்றாள் கீர்த்தனா. "அந்த ரோட்டை அவங்கதான் கூட்டறாங்க."

"வெள்ளையம்மா பொண்ணா நீ? ஏம்மா, நம்ம பந்தல்லதான் கூடை வெச்சிருக்கோமே!"

"பந்தலுக்குப் பின்னாடி வெச்சிருக்கீங்க. சாப்பிடறவங்க முன்னாடி நிக்கிறாங்க."

"வாயப் பாரு," என்றார் சின்னசாமி. ஆனால் அவர் விரல் மறுபடி முதல் சுற்றை அழுத்தியது. யாரும் சொல்லவில்லை. இந்த முறை மூன்றே பந்தலில் சாப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் பந்தலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், கூடையில் போட்டுவிட்டு வந்தார். நேரம் போயிற்று, மார்க்கும் போயிற்று. மூன்று பேரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்ததும் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

"எது எப்படியோ, வாபஸ்தான். நாளைக்குப் பந்தல்காரங்க எல்லாம் என் சட்டையத்தான் புடிப்பாங்க."

காமேஸ்வரி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "எழுதும்மா. உன் வேலை இன்னும் பர்மனன்ட் ஆகல. அதையும் நெனச்சுக்க."

வினோதினி தாளை எடுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி, அதன் கீழே எண் போட்டாள். முடித்ததும் சத்தமாகப் படித்தாள்.

"ஒன்று: இந்த விளையாட்டை நாங்கள் திரும்பப் பெறவில்லை. இரண்டு: இதை ஆட்சேபித்தவர் இன்று இரண்டு முறை ஆடினார். முதல் முறை பதினான்கு தொன்னைகளைச் சாலையில் போட்டார். இரண்டாம் முறை, ஒருவரும் சொல்லாமலே, ஒன்றைக்கூடப் போடவில்லை. இதைவிடப் பெரிய சான்று எங்களிடம் இல்லை."

நிறுத்திவிட்டு பெஞ்சைப் பார்த்தாள். "மூணாவதா, இதைச் செய்தவர் தூய்மைப் பணியாளர் வெள்ளையம்மாளின் மகள்னு போடட்டுமா?"

"போடுங்க மிஸ். பெருசாப் போடுங்க."

"என் பேரு வேணாம்மா," என்றார் சின்னசாமி. குரல் இறங்கியிருந்தது.

"போடல சார். ஆட்சேபித்தவர்னுதான் இருக்குது. வேணும்னா சேத்துடறேன்."

"இதுக்கு நான் ஸ்கூல் சீல் வெக்க மாட்டேன்," என்று காமேஸ்வரி எழுந்தே விட்டார்.

"வேணாம் மேடம். வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்து ஒண்ணு போதும்னு நீங்கதான சொன்னீங்க."

கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். பள்ளி விட்டதும் அவளும் கீர்த்தனாவும் நேரே தபால் ஆபீசுக்கு நடந்தார்கள். கீர்த்தனா பசை தடவ, வினோதினி உறையின் வாயை மடித்து, ஓரம் பிரியாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் ரிஜிஸ்டர் தபால் ஸ்டிக்கரை ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைத் தபால் பைக்குள் போட்டார்.