பலகையில் இருந்த முதல் வார்த்தை

“கையைக் கட்டு” என்று கணக்கு டீச்சர் சொன்னால் போதும், அவர் வகுப்புப் பிள்ளைகளின் கைகள் தாமாகவே மார்பின் குறுக்கே போய் ஒட்டிக்கொள்ளும். சுற்றுலா வந்த அறிவியல் கூடத்தின் வாசலிலும் அதையேதான் சொன்னார். வெளுத்துப்போன சீருடையும் கட்டிய கையுமாகப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். ஒரு புகார் வந்தாலும் இதுதான் கடைசிச் சுற்றுலா என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

உள்ளே மிதித்தால் எரியும் விளக்கு, தொட்டால் தலைமுடியைச் சிலிர்க்க வைக்கும் உருண்டை, கயிற்றை இழுத்தால் ஆளையே மேலே தூக்கும் கப்பி நாற்காலி என்று என்னென்னவோ இருந்தன. டை கட்டிய வேறொரு பள்ளிப் பிள்ளைகள் அவற்றை ஒரு கை பார்த்துவிட்டு அப்போதுதான் அடுத்த அறைக்குப் போனார்கள். நம் பிள்ளைகள் நாற்காலியை நெருங்கியதும் மேற்பார்வையாளர் குறுக்கே வந்து நின்றார். சீருடையை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க தரையில போட்டிருக்கற கோட்டுக்குப் பின்னாடியே நின்னு பாத்துட்டுப் போங்க. உங்க பிள்ளைங்க கை வெச்சா ரிப்பேர் ஆயிடும்.”

டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தலைமையாசிரியரை நினைத்து, சரிங்க சார் என்று தலையாட்டி வைத்தார். அந்தத் தலையாட்டலைக் கதை சொல்லும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்லவேளை, அந்தக் கூட்டத்தில் ‘எதுக்கு’ இருந்தாள். எதைச் சொன்னாலும் எதுக்கு என்று கேட்பதால் டீச்சரே அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. கட்டிய கையை அவிழ்க்காமலே சுவரிலிருந்த பலகையைச் சத்தமாக வாசித்தாள். ‘தொட்டுப் பாருங்கள்.’

அதான் பாக்கறீங்கள்ல, பாருங்க என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

“முன்னாடி ‘தொட்டு’ன்னு இருக்கே டீச்சர். அது நமக்கு இல்லையா?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை இந்த ஆள் இன்றைக்குத்தான் பிடுங்கினார். நாமோ தினமும் வகுப்பறையில் கையைக் கட்டச் சொல்லி அதைத்தானே செய்கிறோம் என்று தோன்றியதும், வந்த கோபம் முதலில் தன்மேலேயே பாய்ந்தது.

“கையை அவிழுங்க” என்றார்.

ஒருவரும் அசையவில்லை. இப்படி ஒரு கட்டளையை அவர்கள் கேட்டதே இல்லை. டீச்சர் விறுவிறுவென்று கோட்டைத் தாண்டினார். தன் கனத்த உடம்பைக் கப்பி நாற்காலியில் இருத்திக்கொண்டு, ‘எதுக்கு’வைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். அவள் இழுத்தாள். டீச்சர் எழும்பினார். டீச்சரின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பியதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடிக்கப் போன கைகள் கட்டியிருந்ததை மறந்தன. அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்தார்கள்.

உங்கள் ஸ்கூலுக்கு இப்போதே போன் போடுகிறேன் என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

“தாராளமா போடுங்க சார். கணக்கு டீச்சர்தான் பிள்ளைங்க கையை அவுத்து விட்டாங்கன்னு மறக்காம சொல்லுங்க” என்றார் டீச்சர், அந்தரத்தில் ஆடிக்கொண்டே. “பிள்ளைங்க தொட்டு ஒரு சாமான் உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். ‘இது உனக்கில்ல’ன்னு சொல்லிச் சொல்லிப் பிள்ளை மனசை உடைச்சா அதுக்கு வேற எங்க வாங்குவீங்க? இத்தனை நாள் நானும் உடைச்சேன். இனிமே நானும் உடைக்க மாட்டேன், உங்களையும் உடைக்க விடமாட்டேன்.”

பிறகு கீழே குனிந்து பார்த்தார்.

“என்னடி நிறுத்திட்ட? இன்னும் இழு.”