தனித்தனிக் காகிதம்

ஒசாகாவில் ஒரு பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதும் குரோய்வா, லிஸ்பனிலிருந்து திரும்பியதும், வெளியூர் போய் வந்தவர் எல்லோருக்கும் தின்பண்டம் தரும் வழக்கப்படி அலுவலகத்தின் இருபத்திரண்டு மேசைகளிலும் இனிப்பு வைத்தார். ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. லிஸ்பன் கடலைப் பற்றி மாலைக்குள் எழுதித் தராவிட்டால் அவருடைய பக்கம் பறிபோகும்.

"கடல் எப்படி சார் இருந்துச்சு?" என்றாள் பக்கத்து மேசை ஹிசாயே.

"கடலை எங்க பாத்தேன்! அங்க எல்லா இனிப்பையும் தட்டுல குவிச்சு வச்சு விக்கிறான். தனித்தனியாக் காகிதம் சுத்தினது தேடி மூணு நாளும் கடை கடையா அலைஞ்சேன்."

தன் இனிப்பின் காகிதத்தைப் பிரித்தபடி ஆசிரியர் சிரித்தார். "போய்த் தொலையுது. நாளைக்கு நம்ம ஷிரஹாமா கடலையாவது பாத்துட்டு வந்து எழுதுய்யா."

குரோய்வாவுக்கு உயிர் வந்தது. பையோடு வாசலை எட்டுவதற்குள் ஹிசாயே கூப்பிட்டாள்.

"சார், அங்க இறால் அப்பளம் பிரமாதமாம். புதுசா ஒருத்தர் சேந்திருக்காரு, இருபத்துமூணா வாங்கிடுங்க!"