ஒன்பது வாட்ச்மேன்கள்

விடியற்காலை ஐந்தரைக்கே அமிர்தவள்ளி தெருவில் இறங்கியாக வேண்டும். ஆறரை ஆனால் ஆண்கள் தோல் பதனிடும் டேனரிக்குக் கிளம்பிவிடுவார்கள்; அப்புறம் யாருக்கு பிரஷர் பார்ப்பது? ஒரு தோளில் பிரஷர் மெஷின், மறு தோளில் மாத்திரைப் பை. ஆம்பூர்க் காற்றில் ஈரத்தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. நாற்பது வீடு ஏறி இறங்கினால் முழங்கால் கழன்றுவிடும். அந்தப் பாழாய்ப்போன முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க எவன் வரப்போகிறான்!

டேனரி முதலாளி பிரேம்நாத் நடத்தும் இலவச மருத்துவமனையில் அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். எல்லாரும் ஒப்பந்த ஆட்கள். அவர்களுடைய போனில் மருத்துவமனை போட்டுக் கொடுத்த ஆப்பில் இருமலுக்குக் கட்டம் உண்டு. என்ன வேலை செய்கிறான் என்பதற்குக் கட்டம் கிடையாது. மறந்துவிட்டார்களாம். நம்புங்கள்!

தெருவுக்கு இரண்டு பேர் மூச்சிரைத்துக் கிடந்தார்கள். அமிர்தவள்ளியின் கணவர் கோதண்டராமனும் அதில் ஒருவர். வேலையால் வந்த நோய் என்று காட்டினால்தான் முதலாளியிடம் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியம் கேட்க முடியும்.

காட்பாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹேமலதாவை அழைத்து வந்தவள் எட்டுப் பேரில் ஒருத்தியான குர்ஷித். வேலைக்கும் கட்டம் வைத்து நீயே ஒன்று செய்து கொடுத்துவிடு தாயே என்று எல்லாரும் கெஞ்சினார்கள். ஹேமலதா மறுத்துவிட்டாள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், கட்டத்தையும் நீங்களே போடுங்கள், எப்படிப் போடுவதென்று நான் காட்டுகிறேன் என்றாள். பத்தாவது தாண்டாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து போனிலேயே போட்டார்கள். பேர், தெரு, மூச்சிரைப்பு, வேலை. மூன்று மாதத்தில் நிரப்பி, அச்சடித்து, மருத்துவமனை மாடியில் பிரேம்நாத்தின் மேசையில் வைத்தார்கள்.

நிதானமாகப் படித்துவிட்டுச் சிரித்தார் மனிதர்.

“மூச்சிரைப்பு பதினாலு பேருக்கு. அதுல ஒம்பது பேர் வாட்ச்மேன். ஏம்மா, கேட்ல உக்காந்தா மூச்சு வாங்குமா?”

வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கிறுக்குத்தனத்தை நிறுத்தாவிட்டால் எட்டுப் பேரும் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்றார்.

மாடிப்படி இறங்கும்போதே அமிர்தவள்ளிக்கு விஷயம் உறைத்தது. தோலுக்குச் சாய ஸ்ப்ரே அடித்து அடித்து நெஞ்சு கெட்டவனை, சம்பளத்தைக் கம்மி பண்ணி கேட்டில் உட்கார வைப்பது எல்லா டேனரியிலும் வழக்கம். அதற்குப் பேர் தயவு! இவர்களோ இன்றைய வேலையை மட்டும் எழுதியிருந்தார்கள். போன மாதம் கோதண்டராமனைக் கேட்டுக்கு மாற்றியதும், அவருடைய பதினோரு வருஷ ஸ்ப்ரே வேலையைத் தன் விரலாலேயே அழித்து, ‘வாட்ச்மேன்’ என்று போட்டவள் அவள். ரிஜிஸ்டரைச் சுத்தமாக வைத்தே பழகிய கை. தெருவென்றும் பாராமல் அழுதாள்.

விஷயம் கேட்டு அன்று சாயங்காலமே ஓடிவந்த ஹேமலதா, யாரையும் குறை சொல்லவில்லை.

“அழாதீங்கக்கா. இப்ப என்ன கட்டம் வேணும்? அத்த மட்டும் சொல்லுங்க.”

அமிர்தவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வேலைக்குன்னு தனியா ஒரு சீட்டு. ஒரு ஆளு எத்தினி வேலை பாத்தாரோ அத்தினி வரி. எந்த வருஷம், எந்த இடம். எத்தையும் அழிக்கக் கூடாது.”

“வேலை போய்ட்டா இன்னாக்கா பண்றது?” என்றாள் குர்ஷித். அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. ஆனாலும் மறுநாள் விடியலில் எட்டுப் பேரும் பையைத் தூக்கினார்கள், குர்ஷித்தும் வந்தாள். வாட்ச்மேன் வீட்டில் எல்லாம் ஒரே கேள்வி: இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? ஒன்பது பேரும் ஸ்ப்ரே என்றார்கள். கேள்வி எதற்கென்று அவர்களுக்கும் புரிந்தது.

வெள்ளிக்கிழமை புதுத் தாளைப் பார்த்த பிரேம்நாத் சிரிக்கவில்லை.

“யாரு செஞ்சு குடுத்தது இத?”

“நாங்கதான் சார், எட்டு பேரும்” என்றாள் அமிர்தவள்ளி.

அவர் போன் அடித்தது. டேனரி கேட்டில் ஆள் இல்லையாம், திறந்து கிடக்கிறதாம். எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஒன்பது வாட்ச்மேன்களும் கீழே, மருத்துவமனை முற்றத்தில் நின்றிருந்தார்கள். கோதண்டராமன்தான் முதலில் படியேறினார். நாலு படி, ஒரு நிற்றல். மறுபடி நாலு படி. அந்த இரைப்பு அறை வரைக்கும் கேட்டது.

“இவங்க ஏறி வர்ற வரைக்கும் எவ்ளோ நேரம் நான் நிக்கிறது?” என்று எரிந்து விழுந்தார் பிரேம்நாத்.

குர்ஷித் போய்க் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க சார். அவங்களால வேகமா ஏற முடியாது.”