சேமித்துச் சேமித்துக் காலியானது

காணாமல் போன ஒருவரின் தழும்பு, தங்கப்பல், எப்போதோ ஒடிந்து கூடிய எலும்பு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க பெய்ரூத்தில் மாதம் பதினொரு டாலர். ஒருவருக்கு அல்ல, காணாமல் போனோரின் குடும்பச் சங்கத்தில் பதிந்த அத்தனை பேருக்கும் சேர்த்து. கணினியில் இடம் வாடகைக்கு விடுபவர்கள் முதலில் பத்தொன்பது கேட்டார்கள். தினமும் எடுக்கும் பிரதிகளை ஒரு வருடம் வைக்க வேண்டாம், ஒரு வாரம் வைத்தால் போதும் என்று பேசி விலையை இறக்கியவன் வஜ்தி. சங்கத்துக்கு இலவசமாக மென்பொருள் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். வங்கியில் முடங்கிய பணம் செல்லாமல், புது டாலராகக் கையில் எண்ணி வைக்க வேண்டிய காலத்தில் இது பெரிய சாமர்த்தியம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

வியாழக்கிழமை காலை அந்தச் சாமர்த்தியசாலியை, சங்கத்தின் பதிவுகளைக் கவனிக்கும் நுஹாத் போனில் பிடித்தாள்.

"உஸ்தாத், உங்க புரோகிராமுக்கு மறதி வந்திருச்சு. ரபீஹ் பதிவுல பேர் இருக்கு, வயசு இருக்கு, அடையாளம் ஒண்ணுமே இல்ல."

"மூடிட்டுத் திரும்பத் திறந்து பாருங்க."

"அதையெல்லாம் பண்ணாமயா கூப்பிடுறேன்? டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கார். உம் ரபீஹ் என் எதிர்லயே உக்காந்திருக்காங்க."

வஜ்தி ஓடி வந்தான். ஒரு சுண்ணாம்புக் குழியில் எலும்புகள் கிடைத்திருந்தன. மரபணுச் சோதனைக்கு அதில் எதுவும் மிஞ்சவில்லை. எந்தக் கால், எந்த இடத்தில் ஒடிந்தது, எப்படிக் கூடியது என்று டாக்டர் ஒப்பிட்டால்தான் அது ரபீஹா என்று தெரியும். ரபீஹுக்கு ஒடிந்தது குவைத்தில், தகப்பனோடு வேலைக்குப் போயிருந்தபோது. தாய் உம் ரபீஹ் பயப்படுவாள் என்று இருவரும் அவளிடம் மூச்சுவிடவில்லை. பிறகு சங்கத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிப் பதிந்தது அந்தத் தகப்பன். அவரும் இப்போது இல்லை.

பெயருக்கும் வயதுக்கும் எல்லோருக்கும் ஒரே கட்டம். அடையாளங்கள் அப்படி அல்ல. ஒருவருக்குப் பச்சை குத்தியது, இன்னொருவருக்கு இல்லாத விரல். அதனால் குடும்பம் சொல்லச் சொல்லப் புதுப்புதுக் கட்டம் சேர்கிற மாதிரி வஜ்தி அமைத்திருந்தான். அவற்றைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த ஒரு நிரல் நூலகத்தின் வேலை. வசந்தத்தில் அதன் புதிய பதிப்பை ஏற்றியிருந்தான்.

திரையில்தான் கோளாறு என்று நம்பித் தரவுத்தளத்தைத் திறந்தான். அங்கேயும் காலி. கைபோன போக்கில் வேறொரு பதிவைப் பார்த்தான். முழுசாக இருந்தது. அதைத் திரையில் திறந்து மூடினான். அப்போதும் முழுசு. திறந்து, எதையும் தொடாமல், சேமி பொத்தானை அழுத்தினான். காலி.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. புதிய பதிப்பு, அடையாளப் பக்கத்தைத் தனியே திறந்து கேட்டால் ஒழிய அடையாளங்களை எடுத்து வருவதில்லை. சேமிக்கும்போதோ, எடுத்து வராததை இல்லாதது என்று எழுதிவிடுகிறது. முன்கடையை மட்டும் பார்த்துவிட்டுக் கிடங்கில் சரக்கே இல்லை என்று கணக்கெழுதி, அந்தக் கணக்குக்குப் பொருந்தக் கிடங்கையும் காலி செய்கிற குமாஸ்தா.

"மாத்த ஒண்ணும் இல்லாதப்ப ஏன் சேவ் பண்றீங்க, நுஹாத்?"

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள்.

"நீங்க இந்த ஊர்லதான இருக்கீங்க? எந்த நிமிஷம் கரண்ட் போகும், ஜெனரேட்டர் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? திறந்தா உடனே சேவ். என் கை தன்னால போகுது. உங்க கை போகாதா?"

போகும். நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். இனி எதுவும் அழியாது. பழைய பிரதிகளைத் தேடினான். ஏழு நாளும் இருந்தன. ஏழிலும் ரபீஹின் அடையாளம் காலி.

உம் ரபீஹ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன ராசா, கிடைச்சிருச்சா?"

"இல்லம்மா. அழிஞ்சு போச்சு."

"யாரு அழிச்சா?"

"ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்தோமில்லையா... அப்படிப் பார்த்ததுல."

"நான்தானே வாரா வாரம் வந்து திறக்கச் சொன்னேன். அவன் பத்திரமா இருக்கானான்னு பேரைப் பாத்துட்டுப் போவேன்."

"உங்க தப்பில்லம்மா. என் தப்பு."

"உன் தப்பா இருந்தா டாக்டர்கிட்ட நீயே சொல்லு. நான் என்னன்னு சொல்லுவேன்? எந்தக் கால்னு கேட்டா எந்தக் காலைக் காட்டுவேன்?"

நுஹாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வஜ்தி மருத்துவரை அழைத்தான். அவர் எலும்புப் பெட்டியைப் பெயரில்லாமல், எண்ணோடு மூடிவிடுவதாகச் சொன்னார்.

உம் ரபீஹ் போன பிறகு மொத்தப் பதிவுகளையும் சரிபார்த்தான். வசந்தத்துக்குப் பிறகு வீட்டார் தேடி வந்து திறந்து பார்த்தவை இருநூற்றுப் பதினான்கு, அத்தனையும் ஏழு நாள் பிரதிகளிலும் காலி. யாரும் கேட்டு வராதவை தொண்ணூற்றேழு. அதில் இன்று அவன் கையாலேயே சோதித்துக் காலியாக்கிய ஒன்றை நேற்றைய பிரதியிலிருந்து எடுத்துப் போட்டான். தொண்ணூற்றேழும் பத்திரம்.