கொட்டை எடுத்த புளி

ரோட்டோரப் புளியமரங்களின் ஏலத்தில் அந்த வருஷம் உடையப்பனுக்கு ஒரு மரம்கூடக் கிடைக்கவில்லை. விராலிமலையைச் சுற்றி இருந்த அத்தனையையும் முத்துராமன் எடுத்துவிட்டான். சொந்த லாரி வாங்கியிருந்தவன். உலுக்கிய புளியை ஓடு உடைத்த கையோடு மதுரைக்கு அனுப்பினான். அவன் விலைக்கு விற்றால் உடையப்பனுக்கு வண்டி வாடகைகூடத் தேறாது.

மதுரையில் மூன்று மண்டி ஏறி இறங்கியும் அவனிடம் மிச்சமிருந்த போன வருஷத்துப் புளிமூட்டை போகவில்லை. களைத்துப்போய் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தான். பின்கட்டில் ஒரு ஆள் அண்டாவில் புளியைப் போட்டுப் பிசைந்து கொட்டையையும் நாரையும் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்குறதுல பாதி குப்பைக்குத்தான் போகுது" என்றார் கடைக்காரர். "இதுக்குன்னே ஒரு ஆளுக்குச் சம்பளம் வேற."

ஊர் திரும்பும் பஸ் முழுக்க அந்தப் பேச்சே உடையப்பனின் தலைக்குள் ஓடியது. மண்டிக்காரனிடம் முத்துராமனோடு மோதி ஆகப்போவது ஒன்றுமில்லை. கொட்டையும் நாரும் எடுத்துச் சுத்தமாக நேரே சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தால், அவர்கள் விலை கூட்டித் தருவார்கள். கொட்டையும் வீணாகாது. நெசவுக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போடத் துணி மில்காரர்கள் வாங்கினார்கள்.

கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போய் வீட்டுக் கொல்லைகளில் நின்ற மரங்களை விலை பேசினான். கூலிக்கு வந்த பெண்கள் செவந்தியின் தலைமையில் அவன் களத்தில் உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்தார்கள். இரண்டு பருவம் நல்லபடியாகப் போயிற்று. உடையப்பனின் உடம்புதான் ஓய்ந்தது. ராத்திரி படுத்தால் இடுப்பு பலகையாக இறுகிக் கிடக்கும்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் ஒருநாள் களம் வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் ஏறிய பிறகு செவந்தி மட்டும் வந்தாள்.

"முத்துராமன் கொட்டை எடுக்கக் கொட்டகை போட்டிருக்காருண்ணே. கூலி கூட்டித் தாராராம். எல்லாரும் அங்கிட்டுப் போயிட்டாங்க."

"நீ போகலையா?"

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

உடையப்பன் புளிமூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். மரம், வண்டி, கடைக்காரர், மில்லு என்று எல்லாவற்றையும் யோசித்தவன், நடுவில் இருந்த இந்தக் கைகளை யோசிக்கவே இல்லை. அவன் கொடுத்ததிலேயே குறைச்சல் இவர்களுக்குக் கொடுத்ததுதான்.

"அவரு குடுக்குற கூலி எனக்குக் கட்டாது செவந்தி. கொட்டை வித்த காச நீங்களே எடுத்துக்கங்க. வேற என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கைப்பிள்ளைக்காரிகளுக்குக் கொட்டகையும் ஒண்ணுதான், களமும் ஒண்ணுதாண்ணே. விடிய எந்திரிச்சு நடக்கணும், பொழுதடையத் திரும்பணும். மூட்டைய வீட்டுல எறக்கிட்டா உலைய வச்சுக்கிட்டே தட்டிருவோம். முத்துராமன் அதுக்கு ஒத்துக்கமாட்டேங்குறாரு. கண்ணு முன்னாடி இருக்கணுமாம்."

வீடு வீடாக இறக்க வேண்டும், மறுபடி வீடு வீடாக ஏற்ற வேண்டும். நினைத்தபோதே உடையப்பனுக்கு அலுப்பு தட்டியது.

"கலப்படம் பண்ணிட்டீங்கன்னா என் பொழைப்பு போச்சு" என்றான்.

"எங்க பொழைப்பும் அதுலதானே இருக்கு."

மறுநாள் முதல் மூட்டைகளை வீடு வீடாக இறக்கினான். பாதிப்பேர்தான் திரும்பினார்கள். மீதிப்பேர் கூலிக்காகக் கொட்டகையிலேயே இருந்துவிட்டார்கள். முத்துராமனும் கொட்டை எடுத்த புளியை அதே கடைகளுக்குக் கொண்டுபோனான். லாரி நிறைய வேண்டும் என்று அவசரப்படுத்தியதில் நாரும் ஓடும் கலந்து போனது. சில கடைக்காரர்கள் விலை குறைவென்று அவனிடமே வாங்கினார்கள். சிலர் உடையப்பனை விடவில்லை. அவன் குடும்பம் சாப்பிட அது போதும். லாரி வாங்கப் போதாது.

அந்தப் பருவத்தின் கடைசி மூட்டையைச் செவந்தி வீட்டு வாசலில் ஏற்றிவிட்டு, உடையப்பன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றான்.

"ஒரு நாளாவது வீட்டுல கெடங்கண்ணே" என்றாள் செவந்தி.

"படுக்கணும். கொடும்பாளூர்ல ஒரு கொல்லை பேசணும். போயிட்டு வந்து படுக்குறேன்."

மாடுகள் தாமாகவே நடக்கத் தொடங்கின. அவன் மெல்லப் பின்னால் நடந்தான்.