தரை தொடாத விருந்தாளிகள்

குமாரபாளையத்தில் துண்டு வியாபாரி குணசீலன் வீட்டில் போன ஆவணியில் நடந்த விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நாற்காலிக்கு ஒரு சாண் மேலேயே உட்கார்ந்தார்கள். அன்று நூல் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

விருந்து குணசீலனின் மனைவி நர்மதாவின் ஏற்பாடு. அந்த ஊரில் விருந்தென்றால் மண்டபம், பந்தி, சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் காத்து நிற்பது, அவ்வளவுதான். நர்மதா யூடியூப் பார்த்து மேசைக்கு விரிப்புப் போட்டாள், கைத்துண்டை அன்னப்பட்சியாக மடித்தாள், முள்கரண்டிக்கும் கத்திக்கும் இடம் வலம் பார்த்து வைத்தாள், இன்னார் இங்கே என்று பெயர் எழுதி அட்டை நட்டாள். அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி வாசலில் நின்று, வாய் திறக்காமல் புன்னகைத்து, உள்ளங்கையால் நாற்காலியைக் காட்டுவாள். நர்மதா அதையும் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டாள். இத்தனை பாடும் ஒருத்திக்காக. குணசீலனின் தங்கை ஸ்ரீதேவி இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று வந்தவள், சாப்பிடாமல் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் இங்கே பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை. கேட்டால் காரணம் இருந்துவிடுமோ என்ற பயத்தில் நர்மதாவும் கேட்கவில்லை. நாலு பேரோடு சேர்த்து அழைத்தால் வருவாள், வந்தால் ஒரு வாய் சாப்பிடுவாள் என்பது நர்மதாவின் திட்டம்.

வந்தாள். எல்லாரும் வந்தார்கள். நர்மதா புன்னகைத்தாள், உள்ளங்கையைக் காட்டினாள். நூல் கடை அன்வர் பாட்சாவும் அவர் மனைவி ஷம்ஷாத்தும் உட்காரப் போனார்கள். உடம்பு நாற்காலி வரை போகாமல் நின்றுவிட்டது. மற்றவர்களுக்கும் அப்படியே. அடுத்தவர் வீட்டு நாற்காலியைக் குறை சொல்லக் கூடாது என்று யாரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறியைப் போட்டதும் தறிக்காரர் கண்ணுசாமி மெல்ல நகர்ந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், விசிறியை நிறுத்தி அவரை நாற்காலிக்கு நேரே இழுத்துவிட்டார்கள். சூப் ஆற ஆற விருந்தாளிகள் இன்னும் ஏறினார்கள்.

“தங்கச்சி, இங்கருந்து பாத்தா உங்க பிரிட்ஜ் மேல தூசி தெரியுது,” என்றார் அன்வர் பாட்சா.

“நம்ம ஊட்டு பிரிட்ஜ் மேல ஏறிப் பாத்திருக்கீங்களா? சும்மா இருங்க,” என்று ஷம்ஷாத் அவர் தொடையில் கிள்ளினாள். கிள்ளிய வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போனார்கள்.

நர்மதாவுக்கு அழுகை முட்டியது. இதற்கு அந்தச் சீமாட்டி வழி எதுவும் சொல்லித் தரவில்லை. சுவரோரம் போய்விட்ட ஷம்ஷாத்தின் கையைப் பிடித்து இழுத்தபடி, பதற்றத்தில், “வாங்கக்கா, வாங்க, உக்காருங்க,” என்றாள். ஷம்ஷாத் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். அப்போதுதான் நர்மதாவுக்கு உறைத்தது. சாயங்காலத்திலிருந்து அவள் ஒருவரையும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. சண்டைக்கு வந்தவனைக்கூட முதலில் வாங்க என்று சொல்லிவிட்டு, பிறகு சட்டையைப் பிடிக்கிற ஊர் அது. அவள் மேசையைச் சுற்றி ஓடினாள். வாங்கண்ணா, வாங்க மாமா என்று சொல்லச் சொல்ல ஆட்கள் பொத்துப் பொத்தென்று இறங்கினார்கள். கண்ணுசாமியின் நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் போயிற்று.

கடைசியில் ஸ்ரீதேவி. “வா அம்மிணி,” என்றாள் நர்மதா. அவள் இறங்கவில்லை.

“நான் இன்னிக்கு ஏறுனவ இல்லீங்க அண்ணி. நீங்க பால் காய்ச்சுன அன்னிக்கே ஏறிட்டேன். போட்டோக்காரனப் பாத்துச் சிரிச்சுட்டு நின்னீங்க. என்னைய வான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

ஆறு வருஷமாக அவள் தரைக்கு ஒரு விரற்கடை மேலேதான் நடந்துகொண்டிருந்தாள். சேலைக் கரை மறைத்துவிட்டது. கட்டிய புருஷனே அதை நடையழகு என்று நினைத்திருந்தான்.

“இப்பத்தான் சொல்லிட்டனே!”

“நடு ஊட்டுல நின்னு சொன்னா ஆச்சுங்களா? வாசல்ல சொல்லோணும்.”

நர்மதா அவள் மணிக்கட்டைப் பிடித்து, தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பலூனைக் கூட்டிப்போவது போல, நிலையில் தலை இடிக்காமல் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனாள். பிறகு தான் மட்டும் உள்ளே வந்து, திரும்பி நின்றாள். “தெரியாமப் பண்ணிப்போட்டேன் சாமி. வா, உள்ள வா. சாப்புடலாம்.”

ஸ்ரீதேவியின் குதிகால் தரையைத் தொட்டது. ஆறு வருஷம் மண் படாத பாதம். குழந்தைப் பாதமாக இருந்தது. “ஐயோ, ஜல்லி குத்துதுங்க!” என்று சிரித்தபடியே நொண்டி நொண்டி உள்ளே வந்தாள். கத்தியையும் முள்கரண்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, கையால் பிசைந்து கோழிக் குழம்புக்கு மூன்று தடவை சோறு வாங்கினாள். உப்பு கொஞ்சம் கம்மி என்றாள். நர்மதா அதை ஒரு மாதம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஸ்ரீதேவி மறுவிருந்து வைத்தாள். அண்ணி தெருமுனை திரும்பும்போதே வாசலுக்கு வந்து, “வாங்க அண்ணி, வாங்க, வாங்க!” என்று வாய் நிறையக் கூப்பிட்டதில், நர்மதா வாசலில் கால் வைத்ததுமே கணுக்கால் வரை சிமெண்டுக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு பேர் தூக்கிவிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்கள். பள்ளத்தைப் பூச வந்த கொத்தனாரை ஸ்ரீதேவி திருப்பி அனுப்பிவிட்டாள். மழை பெய்தால் அந்த இரண்டு காலடியிலும் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து குடித்துவிட்டுப் போகின்றன.