வெட்டுப்பட்ட வரி

அப்பாவின் கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. கழுத்து விறைத்திருந்தது. மகள் இன்னொரு முறை முயன்றபோது அத்தை வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

"அடியே, யாரு வந்திருக்கா தெரியுமா? அந்தப் பெரிய நடிகை! தெருவே கூடிப்போச்சு."

மகளின் கை நின்றது. "அவங்க எதுக்கு வராங்க?"

"சாவு வீட்டுக்கு எதுக்கு வருவாங்க, விருந்துக்கா?"

தலைநகரின் பழைய நாடக அரங்கில் அப்பாவின் இடம் மேடைக்கு அடியில் ஒரு பொந்து. நடிகர்கள் மறந்த வசனத்தை அங்கிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பார். ராஜா காலத்து அரங்கு அது. தளபதி ஆட்சிக்கு வந்த பிறகு, ஒவ்வொரு நாடகத்தையும் ஓர் அதிகாரி படித்துச் சிவப்புப் பென்சிலால் வரிகளை வெட்டினார். அப்படி வெட்டிய ஒரு வரியை இந்த நடிகை மேடையில் சொல்லிவிட்டார். சனம் எழுந்து நின்றது. குழுவே சிறைக்குப் போனது. அரங்குக்குப் பூட்டு விழுந்தது. அப்பாவை மட்டும் மறுநாளே விட்டுவிட்டார்கள்.

காட்டிக் கொடுத்தவன் என்றது தெரு. தளபதி ஒழிந்து, அரங்கைத் திறந்து, அதன் வரலாற்றைச் சுவரில் எழுதியபோது நடுவில் நடிகையின் படம் இருந்தது. அப்பா எந்த மூலையிலும் இல்லை. அவர் எதையும் மறுத்ததில்லை. மகளை அரித்தது அதுதான்.

நடிகை வந்தார். அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையை, அலமாரியை, அத்தையைப் பார்த்தார். அத்தை தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"கடைசியில பேசினாரா, கண்ணு?"

ஒரு வாரமாக அப்பா வாயே திறக்கவில்லை. மகள் சொன்னாள்: "பேசினார்."

"என்னப் பத்தியா?"

"உங்களப் பத்தித்தான்."

நடிகை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எல்லாத்தையுமா?"

"நீங்களே சொல்லுங்க, சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"அன்னிக்கு எனக்கு வசனம் மறந்துபோச்சு. பொந்துல இருந்து வந்தத அப்படியே சொன்னேன். சனம் எழுந்தப்பதான் அது வெட்டின வரின்னு உறைச்சுது."

"அப்புறம் எப்படி அவர விட்டாங்க?"

"அவர் கையில இருந்த பிரதியில அந்த வரி சிவப்பா அடிச்சிருந்துது. 'இவன் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டான்'னு அனுப்பிட்டாங்க. ஆனா அவர் பிரதியப் பாக்கவே மாட்டாரே! எல்லாம் மனப்பாடம். நான் வாயத் திறந்திருந்தா அவரத் தூக்குல போட்டிருப்பாங்க. நீ அப்ப கைக்குழந்தை."

"தளபதி போனப்புறம்?"

நடிகை புடவைத் தலைப்பை நீவினார். "அதுக்குள்ள என் படத்த மாட்டிட்டாங்க."

"இவர் மேல காறித் துப்பினாங்க, தெரியுமா? அப்பல்லாம் நான் அவர் பக்கத்துல நடந்திருக்கேன்."

"தெரியும்." நடிகை முன்னால் குனிந்தார். "தெரிஞ்சுதான் எடுத்துக் கொடுத்தாரா, தவறிப்போயா? அதச் சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லல. நான் பொய் சொன்னேன்."

நடிகையின் தோள் தளர்ந்தது. அது நிம்மதியா, ஏமாற்றமா என்று மகளால் பிரித்தறிய முடியவில்லை. இத்தனை வருஷம் மேடையில் அழுது சிரித்த தோள். அதை எப்படி நம்புவது?

"வெளிய போய்ச் சொல்லுங்க."

"இப்பவா?"

"அவரத் தூக்கறதுக்கு முன்னாடி."

மகளின் தம்பியும் மற்றவர்களும் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். நடிகை வாசல்படியில் நின்றார். தெரு அடங்கியது.

"அந்த வரி என்னோடது இல்ல. நான் மறந்து நின்னேன். இவர்தான் எடுத்துக் கொடுத்தார். பேரு எனக்கு வந்துது, ஏச்சு இவருக்குப் போச்சு. இவர் யாரையும் காட்டிக் கொடுக்கல."

குரல் சரியான இடத்தில் கம்மியது. எதிர்க்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். "அடடா! புகழத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும்.

மேடைப் பழக்கத்தில் நடிகையின் தலை தானாகத் தாழ்ந்தது. மகள் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வழி விடச் சொல்லு. தோள் வலிக்குது" என்றான் தம்பி.

கைதட்டல் ஓயட்டும் என்று பெட்டி படிக்கட்டில் காத்து நின்றது.